மரப்புச் சொட்டு மருந்தும் கண் அழுத்த அளவும்

கண்ணின் உள்ளழுத்தத்தை அளந்தறியும் கருவிகளுள் பெரும்பாலானவை கருவிழியைத் தொட்டே அளக்கின்றன. விழித்திருக்கும் ஒருவரின் கருவிழி மீது உலோகத் தண்டையோ கண்ணாடிக் கூம்பையோ வைப்பது, அதனை முதலில் மரத்துப்போகச் செய்தாலன்றி இயலாத செயலாகும். ஆகவே அளவெடுப்பதற்குச் சற்று முன்னர் ஒரு சொட்டு மருந்து விடப்படுகிறது. அளக்கப்படும் பொருளின் மீதே மருந்தை விட்டுவிட்டு எடுக்கப்படும் அளவு, அக்கண்ணின் உண்மையான அளவாகுமா என்ற ஐயம் இங்கு இயல்பாகவே எழுகிறது. கண் மருத்துவம் பயிலும் மாணவர்கள் எழுப்பும் வினா இது. கண் சிகிச்சை முகாம்களுக்குத் திட்டமிடும் அலுவலர்களும் இதன் விடையை அறிந்திருத்தல் நன்று. ஏனெனில் முகாமில் குறிக்கப்படும் ஓர் எண்ணே, ஒரு குடியானவர் வீடு திரும்பலாமா, நகரத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஓசையின்றி வரும் நோய்

கண்ணின் முன் பகுதியில் ஒரு தெளிந்த நீர் இடைவிடாது சுரந்துகொண்டும், கருவிழியும் கருந்திரையும் கூடும் கோணத்திலுள்ள வலைத்திசு வழியே வடிந்துகொண்டும் இருக்கிறது. சுரக்கும் அளவு மிகக் குறைவு. நிமிடத்திற்கு ஒரு மில்லி லிட்டரின் ஆயிரத்தில் இரண்டு பங்கையொட்டியது. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை கண்ணின் அழுத்தம் ஒரு நிலையில் நிற்கும். நலமுள்ளவர்களிடம் இது சராசரியாக 15 அல்லது 16 மி.மீ. பாதரச அளவில் உள்ளது. 10 முதல் 21 வரை இயல்பான எல்லையாகக் கொள்ளப்படுகிறது. வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் உயர்கிறது. பார்வை நரம்பின் இழைகள் சிறிது சிறிதாக நலிகின்றன. கிளாக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோய் பெரும்பாலும் இவ்வாறே உண்டாகிறது.

இந்நோயின் கொடுமை அதன் அமைதியில் உள்ளது. திறந்த கோண வகையில் வலியில்லை, சிவப்பில்லை. பார்வைப் பரப்பின் ஓரங்களே முதலில் தேய்கின்றன. ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் மறைத்துவிடுகிறது. நேர்ப்பார்வை மங்கிய பின்னரே நோயாளி மருத்துவரை நாடுகிறார். அதற்குள் இழந்த நரம்பிழைகளை மீட்க வழியில்லை. கண்புரையால் பார்வை இழந்தவருக்கு அறுவைச் சிகிச்சை பார்வையைத் திருப்பித் தருகிறது. இந்நோயால் இழந்தவருக்கு எந்தச் சிகிச்சையும் அதனைத் தருவதில்லை. எஞ்சியிருப்பதைக் காப்பது ஒன்றே இயலும்.

தமிழகத்திற்கு இந்நோயின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க இடமுண்டு. சென்னை எழும்பூரில் 1819ஆம் ஆண்டில் தொடங்கிய கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கண்ணின் வெண்படலத்தில் நுண்துளையிட்டு நீரை வெளியேற்றும் அறுவை முறையை 1909ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்நாளில் உலகின் பல நாடுகளில் அம்முறை பின்பற்றப்பட்டது.

நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதைக் கணக்கெடுப்புகள் பின்னரே காட்டின. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென் மாவட்டங்கள் மூன்றின் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரிடம் நடத்தி 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறிற்று. திறந்த கோண வகை நோய் உடையவர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு, தமக்கு அது இருப்பது அதுவரை கண்டறியப்பட்டிருக்கவில்லை. சென்னையைச் சூழ்ந்த கிராமப் பகுதிகளில் நடந்த சென்னை கிளாக்கோமா ஆய்விலும் நிலைமை இதுவே. இந்தியா முழுவதிலும் 40 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 1 கோடியே 12 லட்சம் பேருக்கு இந்நோய் உண்டென 2010ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது. இவர்களுள் பெரும்பாலோரைத் தேடிச் சென்றே காண வேண்டியுள்ளது. தேடிச் செல்வோர் கையில் இருக்கும் எளிய கருவி அழுத்தமானியாகும்.

விரலிலிருந்து கருவிக்கு

ஒரு நூற்றாண்டுக்கு முன்னர்வரை மருத்துவர்கள் இமையின் மேல் இரு விரல்களை வைத்து அழுத்திப் பார்த்தே கண்ணின் இறுக்கத்தை உணர்ந்தனர். லண்டன் மருத்துவர் வில்லியம் போமன் 1862ஆம் ஆண்டில் இம்முறைக்குப் படிநிலைகளும் வகுத்தார். மரப்பு மருந்து தேவைப்படாத முறை அது. அதனாலேயே அன்று இயன்ற முறையும் அதுவே. கண்ணைத் தொடும் கருவியைச் செய்ய முயன்றவர்கள் எல்லோரும் நோயாளியின் வலியிலும் இமை மூடலிலும் முட்டிக்கொண்டனர்.

1884ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர், கோக்கெயின் கரைசலைக் கண்ணில் விட்டால் கருவிழி உணர்விழக்கிறது என்று கண்டறிந்தார். உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்து அறுவை செய்யும் முறைக்கு இதுவே தொடக்கம். அழுத்தமானிக்கும் வழி திறந்தது. எனினும் கோக்கெயின் குற்றமற்ற மருந்தன்று. அது கண்பாவையை விரிக்கும். கருவிழியின் மேல் தோலைக் கெடுக்கும். கோணம் குறுகிய கண்களில் வடிகாலை அடைத்து அழுத்தத்தை உயர்த்தவும் கூடும். ஆகவே மருந்து அளவைக் கெடுக்குமோ என்னும் ஐயம் அன்று முற்றிலும் நியாயமானதே. பின்னர் வந்த அமெத்தோகெயின், லிக்னோகெயின், புரோபராகெயின் முதலியவை பாவையை விரிப்பதில்லை. இன்று இந்தியாவில் பெரிதும் பயன்படுவது நூற்றுக்கு அரைப் பங்கு வலிமையுள்ள புரோபராகெயின் கரைசலாகும். அது அரை நிமிடத்திற்குள் செயற்படத் தொடங்குகிறது. அதன் செயல் ஏறத்தாழக் கால் மணி நேரம் நீடிக்கிறது.

நார்வே நாட்டு மருத்துவர் யால்மர் ஷியோட்ஸ் 1905ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய கருவி மிக எளிது. நோயாளி படுத்திருக்க, கருவிழி மேல் வளைந்த அடித்தட்டு வைக்கப்படுகிறது. அதன் நடுவே எடையேற்றிய சிறு தண்டு கருவிழியை உள்நோக்கி அமுக்குகிறது. கண் மென்மையாக இருந்தால் தண்டு ஆழமாக இறங்கும், முள் அதிக எண்ணைக் காட்டும். கண் இறுகியிருந்தால் எண் குறையும். 5.5 கிராம் எடையில் முள் 5இல் நின்றால் அழுத்தம் ஏறத்தாழ 17. 4 எனில் 20க்குச் சற்று மேல். 3 எனில் 24ஐத் தாண்டிவிடும். ஒரு பிரிவு மாறினாலே முடிவு மாறிவிடும் என்பதை மாணவர்கள் இங்குக் கவனிக்க வேண்டும். விலை குறைவு, மின்சாரம் தேவையில்லை, பெட்டியில் வைத்து எங்கும் எடுத்துச் செல்லலாம். ஆகையால் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் பார்வை மையங்களிலும் முகாம்களிலும் நீண்ட காலம் இதுவே துணையாக இருந்தது.

சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் கோல்டுமன் 1950களில் வேறொரு வழியைக் கண்டார். கருவிழியைக் குழியச் செய்யாமல், 3.06 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு வட்டத்தை மட்டும் தட்டையாக்கி, அதற்கு வேண்டிய விசையை அளப்பதே அம்முறை. அந்த விட்டத்தில் கருவிழியின் விறைப்பும் கண்ணீர்ப் படலத்தின் ஈர்ப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஒரு கிராம் விசை 10 மி.மீ. பாதரசத்திற்குச் சமமாகிறது. கண்ணீரில் கலந்த ஃபுளோரசின் சாயம் நீல ஒளியில் இரு அரைவட்டங்களாகத் தெரியும். அவற்றின் உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொடுமாறு திருகைச் சுழற்றி எண்ணைப் படிக்க வேண்டும். ஸ்லிட் விளக்குடன் இணைந்த இக்கருவியே இன்றும் மற்றக் கருவிகளுக்கு உரைகல்லாக விளங்குகிறது.

சொட்டு மருந்து செய்வது என்ன?

கருவிழியைப் போல் உணர்வு நரம்புகள் நெருங்கிய பகுதி உடலின் மேற்பரப்பில் வேறில்லை. ஒரு தூசி விழுந்தாலே இமை மூடுவதும் நீர் பெருகுவதும் அந்நரம்புகளின் வேலை. மரப்பு மருந்து அந்நரம்பிழைகளில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை அடைத்து, செய்தி மூளைக்குச் செல்லாமல் தடுக்கிறது. கண்ணுக்குள் நீர் சுரப்பதையோ வடிவதையோ அது குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதில்லை. ஆயினும் எடுக்கும் அளவில் சிறு மாற்றம் நேருகிறது.

இம்மாற்றத்தை அறிவதில் ஒரு முடிச்சு இருந்தது. மருந்தில்லாமல் இயங்காத கருவியைக் கொண்டு மருந்தின் விளைவை அறிய இயலாது. மருந்துக்கு முன் ஓர் அளவும் பின் ஓர் அளவும் வேண்டும். முன் அளவை எடுக்கவே வழியில்லை. அமெரிக்காவில் பெர்னார்டு குரோல்மன் வடிவமைத்து 1972ஆம் ஆண்டில் வெளிவந்த காற்றுவீச்சு அழுத்தமானி இம்முடிச்சை அவிழ்த்தது. அது கண்ணைத் தொடுவதில்லை. ஒரு நொடியின் சிறு பகுதியில் காற்றை வீசிக் கருவிழியைத் தட்டையாக்கி அளக்கிறது. பின்னர் பின்லாந்தில் உருவான மீள்துள்ளல் அழுத்தமானி, மிக மெல்லிய ஊசித்தலைபோன்ற முனையைக் கருவிழியில் கணநேரம் மோதித் திரும்பச் செய்து அளக்கிறது. அதற்கும் மரப்பு மருந்து வேண்டியதில்லை. இவ்விரு கருவிகளாலும் ஒரே கண்ணில் மருந்துக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட முடிந்தது.

அவ்வாறு ஒப்பிட்டவர்கள் கண்டது இது: மருந்துக்குப் பின் எடுக்கும் அளவு பொதுவாகச் சற்றுக் குறைகிறது. சராசரிக் குறைவு பெரும்பாலும் ஒரு மி.மீ.யையொட்டியே உள்ளது, சில ஆய்வுகளில் வேறுபாடே தென்படவில்லை, சிலவற்றில் அதற்குச் சற்று மேல். ஒரே கண்ணை இரு மருத்துவர் கோல்டுமன் கருவியால் அளந்தாலே இரண்டு மி.மீ. வேறுபடக்கூடும். நலமுள்ள கண்ணிலும் காலைக்கும் மாலைக்குமிடையே மூன்று முதல் ஆறு மி.மீ. வரை ஏற்ற இறக்கம் உண்டு. இவற்றோடு வைத்துப் பார்க்கையில் சொட்டு மருந்தின் நேர் விளைவு சிறிதே.

அந்தச் சிறு குறைவும் ஏன் ஏற்படுகிறது? பெரும் பகுதி இமையைச் சார்ந்தது. மரக்காத கண்ணுடையவர் காற்று வீசுமுன்பே அஞ்சி இமையை இறுக்குகிறார். மரத்த பின் அச்சம் தணிகிறது, தசை தளர்கிறது, எண் இறங்குகிறது. அதாவது மருந்து அழுத்தத்தைக் குறைத்தது என்பதைவிட, முன்பு பொய்யாக ஏறியிருந்த அளவை இயல்புக்குக் கொண்டுவந்தது என்பதே பொருந்தும். இதற்கு எதிர்த்திசையில் மற்றொன்றும் நிகழ்கிறது. மருந்து விட்ட சில நிமிடங்கள் கருவிழியின் மேல் தோல் சற்று நீர் கோத்து, அதன் தடிப்பு சில மைக்ரான்கள் கூடுகிறது. தடித்த கருவிழி தட்டையாவதற்கு அதிக விசை கேட்கும். எண் சற்று உயரும். பத்து மைக்ரான் தடிப்பு ஒரு மி.மீ. அழுத்தத்திற்கும் குறைவான மாற்றத்தையே உண்டாக்கும். ஆகவே இதனை முகாம் மேசையில் எவரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. கருவிழியின் தடிப்பையே அளக்க முனைவோர் மட்டும் மருந்து விட்ட உடனே அளக்காமலிருப்பது நலம்.

இயல்பான தடிப்பு வேறுபாடு இதைவிடப் பெரியது. கோல்டுமன் தம் கணக்கில் கருவிழியின் தடிப்பை ஏறத்தாழ 520 மைக்ரான் எனக் கொண்டார். சென்னை ஆய்வில் தென்னிந்தியர்களின் சராசரி 511 மைக்ரானையொட்டி இருந்தது. அச்சராசரியிலிருந்து ஐம்பது அறுபது மைக்ரான் விலகி நிற்பவர்கள் ஏராளம். மெல்லிய கருவிழியுடையவரிடம் கருவி உண்மையைவிடக் குறைத்தே காட்டும். அத்தகையோரிடம் 19 என்ற எண்ணைக் கண்டு நிறைவடைந்துவிடலாகாது.

மருந்து போதாமையால் வரும் பிழை

மருந்தால் நேரும் பிழையைப் பற்றி நூல்கள் பேசுகின்றன. மருந்து சரியாக வேலை செய்யாததால் நேரும் பிழையோ அதைவிடப் பன்மடங்கு பெரியது. இமையை ஒருமுறை இயல்பாக இமைத்தாலே அழுத்தம் கணநேரத்திற்குச் சில மி.மீ. உயர்கிறது. பலமாக இறுக்கினால் அது இயல்பைப் போல் இருமடங்கும் அதற்கு மேலும் ஏறும். மூச்சை அடக்கினாலும், இறுகிய கழுத்துப்பட்டை அணிந்திருந்தாலும், அளப்பவரின் விரல் இமையோடு கண்ணுருண்டையையும் சேர்த்து அமுக்கினாலும் எண் உயரும். மருந்து விட்டுப் பத்து நொடி கழியுமுன் கருவியை வைத்தால் நோயாளி திடுக்கிட்டு இறுக்குவார். அப்போது படிக்கப்படும் 26, அந்தக் கண்ணின் எண்ணன்று. அவருடைய அச்சத்தின் எண்ணாகும்.

மருந்து மிகினாலும் தீங்குண்டு. இரண்டு மூன்று சொட்டுகளை ஊற்றிக் கண்ணீர் ததும்பி நிற்கையில் கோல்டுமன் கருவியில் சாய வளையங்கள் தடிக்கும். தடித்த வளையத்தில் படிக்கும் அளவு மிகையாகும். சாயம் போதாமல் வளையம் இழைபோலானால் அளவு குறைந்து தோன்றும். மேலும், ஒரே கண்ணைத் திரும்பத் திரும்ப அளந்தால் கருவியின் அழுத்தமே உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து, பிந்தைய அளவுகளைத் தாழ்த்திவிடும். மருந்து தாழ்த்தியது என்று முடிவு கட்டப்படும் சில நேர்வுகளில் உண்மைக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

குழந்தைகளின் நிலை வேறு. சொட்டு மருந்துக்கு அவர்கள் ஒத்துழைக்காவிடில் முழு மயக்கத்தில் அளக்க வேண்டியுள்ளது. மயக்கமூட்டும் வாயுக்கள் கண் அழுத்தத்தைத் தெளிவாகவே குறைக்கும். கெட்டமின் அதனை உயர்த்தக்கூடும். அங்கு எந்த மருந்தின்கீழ் அளந்தது என்று குறிக்காத எண்ணுக்கு மதிப்பே இல்லை.

காட்டோரக் கிராமத்தில் ஓர் எண்ணின் விலை

இக்கணக்கெல்லாம் யாருக்காக என்பதை உணர, நகரத்து மருத்துவமனையைவிட்டு விலகியுள்ள ஒரு கிராமத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒகேனக்கல்லுக்கு மேற்கே, காவிரியையொட்டிய காட்டுப் பகுதியில் உள்ளது கோபிநத்தம். செய்தித்தாள்களில் சந்தன மரக் கடத்தலையொட்டியே பல ஆண்டுகள் அடிபட்ட பெயர் அது. அதனைத் தன்னகத்தே கொண்ட கொள்ளேகால் வட்டாரம் 1956ஆம் ஆண்டு வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலச் சீரமைப்புக்குப் பின் மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தில் இன்று உள்ளது. ஊரில் தமிழ் பேசுவோரே மிகுதி. முழு வசதியுள்ள கண் மருத்துவப் பிரிவை நாடுவோர், ஒரு பக்கம் மாதேசுவரன் மலை ஏறி இறங்கிக் கொள்ளேகால் வழியாக மைசூரை அடைய வேண்டும். மறு பக்கம் பாலாற்றைக் கடந்து மேட்டூர் வழியாகச் சேலத்திற்குச் செல்ல வேண்டும். எப்பக்கமாயினும் ஒரு நாள் கூலியும் இருவருக்கான பேருந்துக் கட்டணமும் போய்விடும். துணைக்கு ஒருவரின்றி முதியவர் செல்வதில்லை.

இத்தகைய ஊரில் பொய்யாக உயர்ந்த ஓர் எண், நோயில்லாதவரை அவ்வளவு தொலைவு அலையவைக்கும். அங்கே ஒன்றுமில்லை என்று திருப்பியனுப்பப்பட்டவர் அடுத்த முகாமுக்கு வருவாரா என்பது ஐயமே. அவர் சொல் கேட்டு அண்டை வீட்டாரும் நின்றுவிடக்கூடும். பொய்யாகத் தாழ்ந்த எண்ணோ, நோயுள்ளவரை நலமுடையவர் என்று வீட்டுக்கு அனுப்பிவிடும். அவர் மீண்டும் வருவது பார்வை மங்கிய பின்னரே. மருந்தின் நேர் விளைவு இரண்டாம் வகைப் பிழையின் பக்கம் சாய்கிறது. மருந்துக்குக் காத்திராத அவசரம் முதல் வகையின் பக்கம் சாய்கிறது. இவற்றுள் அளவில் பெரியது அவசரத்தின் பிழை.

மொழியும் இங்கு ஒரு காரணம். கண்ணை இறுக்காமல் நேரே பாருங்கள், மூச்சை இயல்பாக விடுங்கள் என்னும் இரண்டு சொற்றொடர்களை நோயாளியின் தாய்மொழியில் கூறாவிடில், எத்துணைச் சிறந்த மருந்தும் பயன்தராது. கன்னடம் மட்டும் அறிந்த பணியாளரும் தமிழ் மட்டும் அறிந்த முதியவரும் எதிரெதிரே அமரும் எல்லைப்புற முகாமில் உள்ளூர்க்காரர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வது செலவில்லாத ஏற்பாடு.

காலநெருக்கடிக்கும் மாற்றுண்டு. ஒவ்வொருவருக்கும் மருந்து விட்டுக் காத்திருப்பதால் வரிசை நீளும் என்பது முகாம் நடத்துவோரின் குறை. மருந்தின் செயல் கால் மணி நேரம் நிற்பதால், வரிசையில் நாலைந்து பேரை அமர்த்தி ஒருங்கே மருந்து விட்டு, முதலாமவரிலிருந்து அளந்து வந்தால் ஒரு நிமிடமும் வீணாகாது. அதற்கு மேற்பட்டவர்களுக்கு முன்கூட்டியே விடுவது தகாது. மரத்த கண் இமைப்பது குறைவதால் கருவிழி உலர்ந்து சொரசொரப்பாகும், அளவும் நம்பத்தக்கதாயிராது.

சோதனைகளின் வரிசை முறையும் பேணத்தக்கது. பார்வைத் திறனையும் கருவிழியின் உணர்வையும் கண்ணீர்ச் சுரப்பையும் மரப்பு மருந்துக்கு முன்னரே பார்த்துவிட வேண்டும். பாவையை விரிக்கும் மருந்தை அழுத்தம் அளந்த பின்னரே விட வேண்டும். பொதுமக்கள் இரண்டையும் ஒரே சொட்டு மருந்தென்று எண்ணுவதுண்டு. மரப்பு மருந்தின் செயல் கால் மணியில் தீர்ந்துவிடும்; பாவை விரிப்பானோ பல மணி நேரம் பார்வையைக் கலங்கச் செய்யும், கோணம் குறுகிய கண்ணில் அழுத்தத்தைத் திடீரென உயர்த்தவும் செய்யும். வேலூர் நகரில் 30 முதல் 60 வயதுடையோரிடையே நடந்து 1998ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, மூடிய கோண வகை நோய் அங்குத் திறந்த கோண வகையைவிடப் பன்மடங்கு இருப்பதாகக் காட்டிற்று. தென்னாட்டில் இவ்வரிசை முறையை மீறுவது எத்தகைய இடருக்கு இடந்தரும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

குப்பியைப் பற்றிய சில செய்திகள்

புரோபராகெயின் குப்பியைத் திறக்கும்வரை குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். வெப்பத்தில் கிடந்து நிறம் மாறிய மருந்து வலிமை குன்றியதாகும். அதனை விட்டு அளந்தால் மேலே கூறிய இறுக்கப் பிழை திரும்ப வரும். மின்வெட்டு மிகுந்த காட்டோர நிலையங்களுக்கு மருந்து வழங்கும் அலுவலர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். அறைவெப்பத்தில் நிற்கும் லிக்னோகெயின் 4 விழுக்காட்டுக் கரைசலை அங்கு மாற்றாக வைத்துக்கொள்ளலாம். விட்டவுடன் எரிச்சல் சற்று மிகுதி, அவ்வளவே. குப்பியைத் திறந்த நாளை அதன்மேல் எழுதுவதும், முனை இமை மயிரில் படாமல் விடுவதும் பழக்கமாக வேண்டும். கருவியின் முனையைச் சாராயத்தால் துடைத்தால் அது முற்றும் உலர்ந்த பின்னரே அடுத்த கண்ணில் வைக்க வேண்டும். மரத்த கண்ணுக்குச் சாராயத்தின் எரிச்சல் தெரியாது. கருவிழி வெந்தபின்பே தெரியும். துடைக்காமல் விட்டாலோ, மெட்ராஸ் ஐ என்று ஊரறிந்த கண்ணோயை முகாமே பரப்பியதாகிவிடும்.

அளந்து முடித்தவரை உடனே வெளியே அனுப்பலாகாது. உணர்வு திரும்பும்வரை கண்ணைக் கசக்கக் கூடாதென்று சொல்லிக் கால் மணி நேரம் நிழலில் அமர்த்த வேண்டும். மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது பெருந்தவறு. முள் குத்தியோ நெல் உமி பட்டோ கருவிழி புண்ணானவர் வலி தீர இதனை விட்டுக்கொண்டால், வலி மறையும். புண் ஆறாது, பெருகும். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் நேர்வதாக 1996ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. உழவுத் தொழில் புரியும் மக்களிடையே இந்த எச்சரிக்கை எவ்வளவு தேவை என்பதை அது காட்டும்.

எண்ணுக்கு அப்பால்

இவ்வளவு கவனத்துடன் எடுக்கப்பட்ட அளவும் நோயை முடிவாகக் கூறிவிடாது. சென்னை ஆய்வில் திறந்த கோண நோய் உறுதிப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, அளந்த நாளில் அழுத்தம் இயல்பான எல்லைக்குள்ளேயே இருந்தது. மறுபுறம், அழுத்தம் உயர்ந்தும் நரம்பு கெடாதவர்கள் பலர். அமெரிக்காவில் அத்தகையோரிடம் நடத்தி 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாண்டுகளில் சிகிச்சை பெறாதவர்களில் நூற்றுக்கு 9.5 பேருக்கும், பெற்றவர்களில் 4.4 பேருக்கும் நோய் தோன்றியது. ஆகவே அழுத்தமானியோடு பார்வை நரம்பின் தலைப்பகுதியை விழி உள்நோக்கியால் காண்பதும், ஐயம் எழுந்தால் பார்வைப் பரப்பைச் சோதிப்பதும் இன்றியமையாதவை. நரம்புத்தலையில் குழிவு மிகுந்து காணப்படுபவரை, அழுத்தம் 15 என்று காட்டினாலும் மேல் மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும். நரம்பு நலமாயிருந்து அழுத்தம் மட்டும் 23 அல்லது 24 எனில், நோயாளியைச் சற்று அமைதியாக அமர்த்தி, இமை தளர்ந்த நிலையில் மறுமுறை அளந்து பார்ப்பது தகும். முகாம் சீட்டில் வலக் கண், இடக் கண் எண்களோடு, அளந்த நேரம், பயன்படுத்திய கருவி, விட்ட மருந்து, நோயாளி இமையை இறுக்கினாரா என்ற நான்கு செய்திகளையும் குறிக்க ஒரு வரி போதும். அடுத்த முறை வேறொரு கருவியால், வேறொரு வேளையில் அளக்கும் மருத்துவர், இரு எண்களுக்கிடையே காணும் வேறுபாடு நோயினால் வந்ததா, அளந்த முறையினால் வந்ததா என்பதை அந்த ஒரு வரியைக் கொண்டே பிரித்தறிவார்.